எஸ்தோனியக் கொடி எவருடைய நகலும் அல்ல

எஸ்தோனியாவின் தேசியக் கொடியைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு என் மறுப்பு இது. நீலம், கறுப்பு, வெள்ளை என மூன்று பட்டைகள் மேலிருந்து கீழாக அமைந்த அந்தக் கொடிமீது கட்டுரையாளர் ஐந்து குற்றச்சாட்டுகளை அடுக்குகிறார். அது பிரெஞ்சு மூவண்ணத்தின் நகலாம். ஒரு மாணவர் சங்கத்தின் அடையாளத் துணியாம், மக்களுக்கு அதில் பங்கே இல்லையாம். கறுப்பு துக்கத்தின் நிறம் என்பதால் தேசியக் கொடிக்கு ஆகாதாம். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் புதிய அரசு பழைய பெட்டியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டதாம். ஆகவே எஸ்தோனியா டென்மார்க், சுவீடன், பின்லாந்து வழியில் சிலுவைக் கொடிக்கு மாறுவதே முறையாம்.

ஐந்தும் தவறு. சிறு பிழைகள் என்று பொறுத்துக்கொள்ளக்கூடிய தவறுகளும் அல்ல. ஒரு கொடியை வெறும் வரைபடமாக மட்டும் பார்த்து, அதை யார் தைத்தார்கள், எதற்காகத் தைத்தார்கள், அதற்காக யார் தண்டனை பெற்றார்கள் என்று ஒரு முறைகூடக் கேட்காததால் வந்த தவறுகள் இவை. பதின்மூன்று லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஒரு சிறிய நாட்டைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியம் கட்டுரை முழுக்கத் தெரிகிறது. அதனால்தான் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவர் சங்கம் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1881 செப்டம்பர் 29 அன்று தார்த்து நகரில் விரோனியா என்ற எஸ்தோனிய மாணவர் அமைப்பு இந்த மூன்று நிறங்களைத் தன் நிறங்களாக ஏற்றது. இது உண்மை. ஆனால் அந்த ஆண்டில் தார்த்து எப்படி இருந்தது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. நாட்டை ஆண்டவர் ரஷ்யப் பேரரசர். நிலமும் தேவாலயமும் நகர நிர்வாகமும் பால்டிக் ஜெர்மானியர் கையில் இருந்தன. பல்கலைக்கழகத்தில் பாடம் நடந்ததும் ஜெர்மன் மொழியில்தான். எஸ்தோனியர் என்றால் குடியானவர் என்றே பொருள்கொள்ளப்பட்ட காலம் அது. எஸ்தோனிய மாகாணத்தில் 1816இலும், தார்த்துவை உள்ளடக்கிய லிவோனிய மாகாணத்தில் 1819இலும்தான் பண்ணையடிமை முறை ஒழிந்தது. ஒழிந்தபோதும் நிலம் பண்ணையார்களிடமே தங்கிவிட்டது. அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பல்கலைக்கழக வாசலை மிதித்திருந்தார்கள். மிதித்தவர்களும் ஜெர்மன் பேசி, ஜெர்மானியராகவே மாறிப்போவதுதான் அன்றைய வழக்கம். படித்த எஸ்தோனியன் எஸ்தோனியனாகவே இருப்பது எவரும் எதிர்பாராத செயல்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் நிறம் அணிவது என்பது தகுதியைப் பறைசாற்றும் செயல். ஒவ்வொரு ஜெர்மன் மாணவர் சங்கத்துக்கும் மூன்று நிறங்கள் உண்டு. தொப்பியிலும் மார்புப் பட்டையிலும் அவற்றை அணிந்து தெருவில் நடப்பார்கள். எஸ்தோனியா என்ற பெயரில்கூட 1821 முதல் அங்கே ஒரு சங்கம் இருந்தது. அது எஸ்தோனியர்களின் சங்கம் அல்ல, பால்டிக் ஜெர்மானியர்களின் சங்கம். அதன் நிறங்கள் பச்சை, ஊதா, வெள்ளை. அதாவது அந்த மண்ணின் பெயரும் அந்தப் பெயருக்குரிய நிறங்களும் ஏற்கெனவே எசமானர்களின் சொத்தாகிவிட்டிருந்தன. இந்த நிலையில்தான் எஸ்தோனிய மாணவர்கள் தங்களுக்கென மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மன் சங்கங்களின் கூட்டமைப்பு விரோனியாவை அங்கீகரிக்க மறுத்தது. நீலம், கறுப்பு, வெள்ளைத் தொப்பி அணிந்து தெருவில் இறங்கிய எஸ்தோனிய மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், தொப்பிகள் பிடுங்கப்பட்டன. மாணவர் விளையாட்டு என்று கட்டுரையாளர் ஒதுக்கித் தள்ளுவது இதைத்தான். குடியானவன் மகன் தலையில் நிறம் ஏறக்கூடாது என்று கைநீட்டித் தட்டிவிட்டவர்களுக்குத் தெரிந்திருந்த அரசியல், இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதும் கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த அமைப்பு எஸ்தோனிய மாணவர் கழகம் என்ற பெயரில் நிலைபெற்றது. 1884 வசந்தத்தில் முதல் கொடி பட்டுத்துணியில் தைக்கப்பட்டது. தைத்தவர்கள் மூன்று பெண்கள். அவர்களில் ஒருவர் மீனா ஹெர்மன், பிற்காலத்தில் மீனா ஹார்மா என்ற பெயரில் எஸ்தோனியாவின் முதன்மையான இசையமைப்பாளர்களில் ஒருவராக அறியப்பட்டவர். அந்த ஆண்டு ஜூன் 4 அன்று தார்த்துவுக்குத் தெற்கே உள்ள ஒதெபா ஊரில் கொடிக்கு ஆசீர்வாதம் செய்யப்பட்டது. தேவாலயத்துக்குள் அல்ல, பாதிரியார் இல்லத்தின் கூடத்தில். அந்த ஜூன் 4தான் இன்று எஸ்தோனியாவின் கொடி நாள். ஓர் அரசு பிறப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, எந்த அரசின் உத்தரவும் இல்லாமல், ஒரு கிராமத்து வீட்டுக் கூடத்தில் பிறந்த கொடி அது. மக்களுக்கு இதில் பங்கில்லை என்று எழுத என்ன துணிச்சல் வேண்டும்!

அடுத்தது நகல் என்ற வாதம். மூன்று பட்டை இருந்தால் பிரான்சின் நகல் என்பது கொடிகளின் வரலாற்றை அறியாதவர் சொல்லும் பேச்சு. பிரான்சின் பட்டைகள் செங்குத்தானவை. அந்தக் கொடி இன்றைய வடிவை அடைந்தது 1794இல். கிடைமட்டமாக மூன்று பட்டைகள் கொண்ட டச்சுக் கொடி அதற்கும் நூறாண்டுகளுக்கு மேல் முந்தியது. ரஷ்யாவின் வெள்ளை, நீலம், சிவப்பும் பீட்டர் பேரரசர் காலத்தது. கட்டுரையாளரின் அளவுகோலைப் பிடித்தால் பிரான்சே நகல்காரர் ஆகிவிடும். மூன்று நிறம் அணியும் வழக்கத்தை எஸ்தோனிய மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்து ஜெர்மன் சங்கங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் எழுதியிருந்தால் அதில் உண்மை இருந்திருக்கும். அதை எழுத அவருக்குத் தார்த்து தெரிந்திருக்க வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டதிலும் குறையொன்றும் இல்லை. தனக்கு மறுக்கப்பட்ட உரிமையை ஒருவன் கேட்டு வாங்காமல் தானே எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் நகல் அல்ல.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கட்டுரை முற்றாகத் தவறவிடுகிறது. ஐரோப்பாவின் பழைய கொடிகளில் சிங்கமும் கழுகும் சிலுவையும் நிறைந்திருப்பதற்குக் காரணம் அவை மன்னர்களுடையவை, பிரபுக்களுடையவை. எஸ்தோனியருக்குச் சொந்த மன்னர் கிடையாது, சொந்தப் பிரபுக்குலம் கிடையாது. அந்த நாட்டின் அரசுச் சின்னத்தில் உள்ள மூன்று நீலச் சிங்கங்கள்கூட 13ஆம் நூற்றாண்டில் வடக்கு எஸ்தோனியாவை வென்ற டென்மார்க் மன்னரின் சின்னத்திலிருந்து வந்தவை. குடியானவரிடம் சிங்கமும் இல்லை, கழுகும் இல்லை. நிறங்கள் மட்டுமே இருந்தன. அந்த வெறும் நிறங்களை அவர்கள் கொடியாக்கினார்கள். இரவல் பொருளைத் தேடித்தான் தீர வேண்டும் என்றால் கட்டுரையாளர் சின்னத்தை நோக்கிப் போயிருக்க வேண்டும். இரவல் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரவல் என்கிறார்.

கறுப்பைப் பற்றிய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. எஸ்தோனியர் தங்கள் கொடியின் நீலத்தில் வானத்தையும் ஏரிகளையும் கடலையும், கறுப்பில் உழும் மண்ணையும் முன்னோர் பட்ட பாட்டையும், வெள்ளையில் பனியையும் வெளிச்சத்தின் மீதான வேட்கையையும் காண்கிறார்கள். பன்னெடுங்காலம் அந்நியர் நிலத்தில் அடிமையாக உழுத ஒரு மக்கள் கூட்டம் தன் கொடியின் நடுவில் மண்ணை வைத்தது. கறுப்பைக் கண்டதும் துக்கம் என்று படிப்பவர், அந்த மக்களின் பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் பொருளை அங்கே திணிக்கிறார். இதற்கு ஆய்வு என்று பெயரிட முடியாது.

இனி 1991. கட்டுரையின் ஆகப் பெரிய பொய் இங்கேதான் இருக்கிறது.

1918 பிப்ரவரி 24இல் எஸ்தோனியா விடுதலையை அறிவித்தது. நவம்பர் 21இல் தற்காலிக அரசு இந்த மூவண்ணத்தை அரசுக் கொடியாக்கியது. டிசம்பர் 12இல் தலைநகர் தல்லின்னின் தோம்பெயா குன்றில் உள்ள நெட்டை ஹெர்மன் கோபுரத்தில் முதன்முறையாக ஏற்றப்பட்டது. 1922 ஜூன் 27இல் நாடாளுமன்றம் கொடிச் சட்டம் இயற்றியது. 1940 ஜூனில் சோவியத் படைகள் நாட்டைப் பிடித்தன. அந்த மாதம் 21ஆம் தேதி கோபுரத்தில் செங்கொடி ஏறியது. அடுத்து வந்த நாஜி ஆட்சியிலும் இந்தக் கொடிக்கு அரசுக் கொடி என்ற தகுதி திரும்பக் கிடைக்கவில்லை. 1944 செப்டம்பரில் ஜெர்மானியர் வெளியேறிக்கொண்டிருந்த சில நாட்களில், ஓட்டோ தீஃப் தலைமையிலான எஸ்தோனிய அரசு தல்லின்னில் பொறுப்பேற்றது. நெட்டை ஹெர்மனில் மீண்டும் மூவண்ணம் ஏறியது. செப்டம்பர் 22 அன்று செஞ்சேனை நகருக்குள் நுழைந்தது. கொடி இறக்கப்பட்டது. தீஃப் கைதாகிச் சிறைக்கும் முகாமுக்கும் போனார்.

அதன் பிறகு அந்த மூன்று நிறங்களை ஒன்றாக வைத்திருப்பதே குற்றம். 1941 ஜூனில் பத்தாயிரம் பேர் அளவிலும் 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் சோவியத் ஒன்றியத்தின் தொலைபகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்ட நாடு அது. குழந்தைகளும் முதியவர்களும் அதில் அடக்கம். அந்த அச்சத்துக்கு நடுவிலும் விடுதலை நாளன்று இரவோடு இரவாகக் கொடியேற்றி, அகப்பட்டுச் சிறை சென்ற இளைஞர்கள் இருந்தார்கள். 1944இல் கடல் கடந்து தப்பியவர்கள் சுவீடனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் அதைப் பறக்கவிட்டார்கள். ஆக்கிரமிப்பை ஏற்பதில்லை என்று அமெரிக்கா 1940 ஜூலை 23இல் அறிவித்திருந்ததால், நியூயார்க்கில் எஸ்தோனியக் குடியரசின் துணைத் தூதரகம் அத்தனை ஆண்டுகளும் மூடப்படாமல் இயங்கியது.

ஒதெபாவில் ஆசீர்வாதம் பெற்ற அந்த முதல் பட்டுக் கொடிக்கு என்ன ஆனது என்று கட்டுரையாளர் ஒரு முறையாவது தேடிப் பார்த்திருக்கலாம். 1943இல், போர்முனை மீண்டும் தங்கள் நாட்டை நெருங்கிவருவதை உணர்ந்த மாணவர் கழகத்தினர் அதை எடுத்துச் சென்று யோகெவா வட்டாரத்தில் ஒரு பண்ணை வீட்டின் புகைபோக்கிச் செங்கற்களுக்குள் மறைத்தார்கள். சோவியத் ஆட்சிக்காலம் முழுவதும் அது அங்கேயே கிடந்தது. நாடு மீண்ட பிறகுதான் வெளியே எடுக்கப்பட்டது, பட்டும் நிறமும் அழியாமல். இன்று தார்த்துவில் எஸ்தோனிய தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பழைய பெட்டியிலிருந்து அரசு எடுத்துக்கொண்டதாகக் கட்டுரையாளர் எழுதுகிறார். ஒளித்தவர்கள் யார்? ஆபத்தைச் சுமந்துகொண்டு வாய்திறக்காமல் இருந்தவர்கள் யார்? அரசா?

தேதிகளும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. 1988 ஏப்ரலில் தார்த்துவில் பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத்தார் நீலம், கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்றையும் தனித்தனிக் கொடிகளாக ஏந்தி வந்தார்கள். ஒரே நிறத்தில் ஒரு துணி பிடிப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. மூன்றும் சேர்ந்து நின்றால் என்ன என்பது தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தக் கோடையில் தல்லின் பாடல் திடலில் இரவுகள்தோறும் மக்கள் திரண்டு பாடினார்கள். மறைத்து வைத்திருந்த கொடிகள் தலைகளுக்கு மேலே வந்தன. ஜூன் 23 அன்று எஸ்தோனிய சோவியத் குடியரசின் தலைமை மன்றமே அவற்றைத் தேசிய நிறங்களாக ஏற்க நேர்ந்தது. 1989 பிப்ரவரி 24 காலையில் நெட்டை ஹெர்மன் கோபுரத்தில் மூவண்ணம் ஏறியது. 1990 ஆகஸ்ட் 7இல் மறுபடியும் அரசுக் கொடியானது. விடுதலை மீட்கப்பட்டது 1991 ஆகஸ்ட் 20இல். வரிசையைப் பாருங்கள். முதலில் மக்கள் கையில் கொடி, பிறகு கோபுரத்தில், பிறகு சட்டத்தில், அதற்கும் பிறகுதான் நாடு. சோவியத் படைவீரர்கள் முகாம்களில் இருந்தபோதே ஏற்றப்பட்ட கொடி அது. கடைசி ரஷ்யப் படை வெளியேறியது 1994 ஆகஸ்ட் 31 அன்று. புதிய அரசு கொடியைத் தேர்ந்தெடுத்தது என்பது நடந்ததைத் தலைகீழாக்கும் கூற்று. கொடி முன்னே போனது, அரசு பின்னால் வந்தது.

சிலுவைக் கொடி யோசனை கட்டுரையாளரின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 2001இல் எஸ்தோனியாவிலேயே காரெல் தரந்த் என்பவர் இதே மூன்று நிறங்களில் சிலுவை வடிவத்தை முன்மொழிந்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1999 டிசம்பரில், வெளியுறவு அமைச்சராக இருந்த தோமாஸ் ஹென்ரிக் இல்வெஸ் எஸ்தோனியா ஒரு நோர்டிக் நாடு என்று ஸ்டாக்ஹோமில் உரையாற்றியிருந்தார். தங்கள் கொடியைப் பற்றி எஸ்தோனியர் தங்களுக்குள் வாதிடுவது அவர்கள் உரிமை. வாதிட்டார்கள், கொடியை மாற்றவில்லை. அந்த முடிவைக் கட்டுரையாளர் வாசகரிடம் சொல்லாமல் விட்டது நேர்மையற்ற செயல்.

வரலாற்றின் பக்கம் பார்த்தால் இந்த யோசனை இன்னும் மோசமானது. எல்லா நோர்டிக் சிலுவைக் கொடிகளுக்கும் தாய் டென்மார்க்கின் கொடி. அந்தக் கொடி எப்படித் தோன்றியது என்பதற்கு டேனியர்கள் சொல்லும் மரபுக்கதை ஒன்று உண்டு. 1219 ஜூன் 15 அன்று இரண்டாம் வால்டமார் மன்னர் லிண்டனிசப் போரில் தோற்கும் தறுவாயில் இருந்தபோது, வெள்ளைச் சிலுவை பதித்த செங்கொடி வானத்திலிருந்து விழுந்ததாம். படை ஊக்கம் பெற்று வென்றதாம். அந்த லிண்டனிசதான் இன்றைய தல்லின். அன்று தோற்றவர்கள் எஸ்தோனியர்கள். 1343இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1346இல் டென்மார்க் மன்னர் வடக்கு எஸ்தோனியாவை மக்களோடு சேர்த்து டியூட்டன் வீரர் சபைக்கு விலைக்கு விற்றார். பின்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் சிலுவைக் கொடி அவரவர் வரலாற்றின் வழியே வந்தது, அவர்களுக்கு அது பொருந்துகிறது. எஸ்தோனியருக்கோ, தங்களை வென்ற படையின் வெற்றிக் கதையில் தங்கள் மண்ணிலேயே விழுந்த கொடி அது. தானே முயன்று உருவாக்கிய கொடியை இறக்கிவிட்டு அதன் வடிவத்தை ஏற்றச் சொல்கிறவர், அடிமைப்பட்டவன் வெளிவந்த பிறகும் எசமானின் சாயலில்தான் அழகாக இருப்பான் என்று சொல்கிறார். நாகரிகமான மொழியில் சொல்லிவிட்டதால் அந்தக் கருத்தின் இழிவு குறைந்துவிடாது.

வடிவமைப்பே இல்லாத வடிவமைப்பு என்று கட்டுரை முடிவதற்கும் பதில் இருக்கிறது. எஸ்தோனியக் கொடியின் விகிதம் 7:11. வழக்கமான அளவு 105 சென்டிமீட்டருக்கு 165 சென்டிமீட்டர், ஒவ்வொரு பட்டையும் 35 சென்டிமீட்டர். எழுத்து இல்லை, சின்னம் இல்லை, வளைவு இல்லை. ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் மூன்று துண்டுத் துணியை நேர்த்தையலில் இணைத்து ஒரே மாலையில் தைத்துவிடலாம். கொடி தடைசெய்யப்பட்ட நாட்டில் இதைவிட மேலான வடிவமைப்பு எது? தலைமுடி நாடாவில், பின்னிய கையுறையில் அதை ஒளிக்கலாம். மூன்றாகப் பிரிக்கலாம், பிரித்த பின்னும் அது தன்னை இழக்காது. 1988 ஏப்ரலில் தார்த்து தெருவில் நடந்தது அதுதான். கட்டுரையாளர் பரிந்துரைக்கும் சிலுவையை அப்படிப் பிரித்துப் பாருங்கள், துணுக்குகள்தான் மிஞ்சும். எளிமை அந்தக் கொடியின் வறுமை அல்ல, அது உயிர்பிழைத்ததற்கான காரணம்.

ஒரு நாட்டின் கொடி நமக்குப் பிடிக்காமல் போகலாம். அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிடிக்கவில்லை என்பதை வரலாறு என்ற பெயரில் எழுதும்போது தேதிகளைத் தலைகீழாக்கவும், ஒடுக்கப்பட்டவர்களின் செயலை அரசின் கணக்கில் எழுதவும் உரிமை கிடையாது. கட்டுரையாளர் தன் ரசனையை வைத்துக்கொள்ளட்டும். 1991 பற்றிய கூற்றையும், மக்களுக்குப் பங்கில்லை என்ற கூற்றையும் அவர் இதே இதழில் திரும்பப் பெற வேண்டும். தங்கள் கொடி எது என்பதை எஸ்தோனியர் 1922இல் ஒரு முறையும் 1990இல் மறுமுறையும் சட்டமாக்கிவிட்டார்கள். இரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அதற்கான விலையையும் கொடுத்துவிட்டார்கள்.